பேனர் இழுக்கும் விமானம்: இன்ஜின் ஓடும்போதே ஏன் விழுகிறது?

வள்ளியூர் தம்பி கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா மகன் புளோரிடாவில் விமானப் பயிற்சி முடித்துவிட்டு, கடற்கரைக்கு மேலே விளம்பரப் பேனர் இழுக்கும் சிறு விமானத்தை ஓட்டும் வேலையில் சேரப்போகிறான். அதற்குள் யாரோ உங்களுக்கு ஒரு காணொளியை அனுப்பிவிட்டார்கள். அதில் ஒரு விமானம் தாழ வந்து, தரையில் கிடக்கும் பேனரைக் கொக்கியால் வாரிக்கொண்டு, மூக்கை நிமிர்த்தி ஏறி, அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்து விழுகிறது. கடைசி நொடி வரை இன்ஜின் சத்தம் கேட்கிறது. "இன்ஜின் ஓடும்போது ஏன் விழ வேண்டும்? பேனரைக் கழற்றி விட்டிருக்கலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றும் இருக்கிறது. அவனை அந்த வேலைக்குப் போகவிடலாமா என்பதுதான் அது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். விமானப் பராமரிப்பில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் ஏழு கோடைகாலம் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில், ஒரு புல்தரைத் திடலில், பேனர் விமானங்களைப் பார்த்துக்கொண்டேன். ஓட்டியவன் அல்ல. விமானியின் கைக்கு அந்த நேரத்தில் என்ன தெரியும் என்பதை அவர்கள் சொல்லக் கேட்டபடிதான் சொல்ல முடியும். இன்னொன்று, அந்தக் காணொளியில் விமானம் விழுந்த விதம் தெரிகிறது, காரணம் தெரியவில்லை. கயிறு எங்கே மாட்டியது, கழற்றும் கம்பி அறுந்திருந்ததா, டேங்கில் பெட்ரோல் இருந்ததா என்பதையெல்லாம் உடைந்த பாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அங்கே அதற்கென்று உள்ள தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இறுதி அறிக்கை கொடுக்க ஓராண்டுக்கு மேலும் ஆவதுண்டு. ஆகவே நான் சொல்வது இந்த மாதிரி விபத்துகள் பொதுவாக எப்படி நடக்கின்றன என்பதை. அந்த ஒரு விபத்துக்குத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பேனர் எடுக்கும் முறை தெரிந்தாலே பாதி விடை வந்துவிடும். பெரும்பாலும் விமானம் பேனரோடு ஓடுபாதையில் ஓடிக் கிளம்புவதில்லை, வெறுமனேதான் கிளம்பும். வாலடியில் ரிலீஸ் என்று ஒரு பூட்டு இருக்கும். அதில் மாட்டிய கயிற்றின் நுனியில் நங்கூரம் மாதிரி நகங்கள் உள்ள கொக்கி. கிளம்பும்போது கொக்கி விமானிக்குப் பக்கத்திலேயே இருக்கும், மேலே போனபின் சன்னல் வழியாக வெளியே போடுவார். திடலில் இரண்டு கழி நட்டு, துணி காயப்போடும் கொடி மாதிரி, குறுக்கே ஒரு கயிற்று வளையத்தை வைத்திருப்பார்கள். அதிலிருந்து நீளமான கயிறு போய்ப் பேனரில் சேரும். பேனர் தரையில் விரித்துக் கிடக்கும். எழுத்து ஒவ்வொன்றும் ஐந்தடி உயரம், பெரிய வகை என்றால் ஏழடி. விமானம் தாழ வந்து கொக்கி அந்தக் கொடியைத் தாண்டும் நேரத்தில், விமானி இன்ஜின் பலத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கக் கொடுத்து மூக்கைச் சடாரென்று நிமிர்த்துவார்.

ஏன் அவ்வளவு செங்குத்தாக ஏற வேண்டும்? ஆனித் தேருக்கு வடம் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். வடம் விறைத்து நிற்கும்போது எத்தனை பேர் இழுத்தாலும் பாரம் சீராக ஏறும். தொய்ந்து கிடக்கும் வடத்தை ஒரே வெட்டாக வெட்டி இழுத்தால் அடி முழுவதும் ஓர் இடத்தில் விழும். 2024-இல் நெல்லையப்பர் தேர் வடம் அறுந்தபோது ஊரே பதறியது நினைவிருக்கும். விமானம் கிடைமட்டமாகவே பறந்து பேனரை இழுத்தால், மொத்தப் பேனரும் தரையில் உரசிக்கொண்டு ஒரே வெட்டில் கிளம்பும், எழுத்துகள் கிழியும், அந்த அதிர்ச்சி வாலுக்குப் போகும். மேல்நோக்கி ஏறினால், தரையில் ஒட்டிய காகிதத்தை முனை பிடித்து உரிப்பதுபோல எழுத்து எழுத்தாக எழும்பும். பாரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். முறை நல்ல முறைதான். ஆனால் அதற்கு விலை இருக்கிறது. வரும்போது சேர்த்துவைத்த வேகத்தில் பெரும்பகுதி நான்கைந்து வினாடியில் கரைந்துவிடும். அதே நேரத்தில்தான் பேனரின் இழுவையும் வந்து சேரும்.

இந்த இடத்தில்தான் உங்கள் முதல் கேள்வி வருகிறது. விமானத்தைத் தூக்குவது இன்ஜின் அல்ல, இறக்கை. இன்ஜின் முன்னால் இழுக்கிறது. அந்த ஓட்டத்தில் காற்று இறக்கைமேல் ஒட்டிப் போனால்தான் தூக்கல் கிடைக்கும். நம் வீட்டுச் சுளகை எடுத்துக்கொண்டு ஆனி மாதம் மொட்டைமாடிக்குப் போய்ப் பாருங்கள். காற்றுக்கு நேரே லேசாகச் சாய்த்துப் பிடித்தால் கையை விட்டு மேலே போகப் பார்க்கும். இன்னும் நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் மேலே தூக்குவது நின்று, உங்களைப் பின்னால் தள்ள மட்டும் செய்யும். இறக்கைக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. சாதாரணச் சிறு விமானங்களில் வரும் காற்றோடு ஏறத்தாழ 15 முதல் 18 பாகை. அதைத் தாண்டினால் மேல்பக்கத்துக் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். இன்ஜின் நின்றுபோவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பைக் பழக்கத்தில் நமக்கு ஸ்டால் என்றால் இன்ஜின் அணைவது, அதனால்தான் இந்தக் குழப்பம். இன்ஜின் முழு பலத்தோடு அலறிக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஸ்டால் ஆகும்.

இரண்டு இறக்கையும் ஒரே கணத்தில் ஸ்டால் ஆவது அபூர்வம். ஒன்று முந்திக்கொள்ளும், அந்தப் பக்கம் சரியும். நீங்கள் பார்த்த சரிவு அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உயரத்தில் என்றால் மூக்கைக் கீழே விட்டு, வேகம் எடுத்து, நிமிர்த்திவிடலாம். பயிற்சியில் எல்லோரும் பலமுறை செய்து பழகியதுதான் இது. 200, 300 அடியில் அந்த இடம் கிடையாது. அப்புறம், தரை நெருங்கும்போது மூக்கைக் கீழே விட மனித மனம் லேசில் ஒப்பாது, கை தானாகப் பின்னால் இழுக்கும். இதை எனக்குச் சொன்னது ஒரு விமானி. இருபது வருடம் பேனர் இழுத்தவர்.

பேனர் எடை தாங்காமல் விழுந்தது என்று சொல்பவர்களும் உண்டு. அது சரியல்ல. சாதாரண எழுத்துப் பேனர் ஓர் ஆளின் எடைகூட இராது. சிக்கல் எடையில் இல்லை, காற்றுத் தடையில் இருக்கிறது. விரித்த குடையைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் ஓட்டுவது போன்றது. பேனர் பின்னால் இருக்கும்வரை இன்ஜினின் உபரி பலம் கொஞ்சம்தான் மிஞ்சும். அந்த நிலையில் இறுக்கமாகத் திரும்பினால் இன்னும் மோசம். உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது இறக்கை இரு மடங்கு பாரம் சுமக்கிறது, ஸ்டால் ஆகும் வேகம் 41 சதவீதம் கூடிவிடுகிறது. அதனால் பேனரோடு திரும்புவது எப்போதும் அகலமாக, மெதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, பேனரை ஏன் விடவில்லை? விடுவதற்கு லீவர் இருக்கிறது. இழுத்தால் ரிலீஸ் திறந்து கயிறு போய்விடும், தினமும் வேலை முடித்துப் பேனரைத் திடலில் போடுவதும் அப்படித்தான். அவசரத்தில் அது நடக்காமல் போக நான் பார்த்த காரணங்களில் முதலாவது, நேரம். கவ்விய நொடியிலிருந்து சரியும் நொடி வரை ஐந்தாறு வினாடி இருக்கலாம். என்ன நடக்கிறது என்று மனம் பிடிக்கவே அதில் பாதி போய்விடும். இரண்டாவது, விட மனம் வராமை. பேனருக்குக் காசு, கீழே ஆட்கள் நிற்கிறார்கள், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் ஒரு நொடியில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. மூன்றாவது, இழுத்தும் கழலாமல் போவது. இந்த மூன்றாவதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

என் இரண்டாவது கோடையில், ஒரு பிற்பகல், பேனரைப் போட வந்த விமானம் திடலைத் தாண்டிப் போய்விட்டது. மறுபடி வந்தது. மறுபடியும் பேனர் விழவில்லை. ரேடியோவில் விமானி அமைதியாகச் சொன்னார், லீவர் வருகிறது, பூட்டு திறக்கவில்லை என்று. கடைசியில் வழக்கத்தைவிட உயரமாக வந்து, பேனர் வேலியிலும் மின்கம்பியிலும் மாட்டாதபடி செங்குத்தாக இறங்கி, பேனரை இழுத்துக்கொண்டே புல்லில் இறக்கினார். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அந்த ரிலீசை இரண்டு நாள் முன்னால் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். கையால் லீவரை இழுத்தேன், பூட்டு திறந்தது, சரி என்று எழுதிவிட்டேன். கயிற்றில் பாரம் இல்லாமல் சோதித்தேன் என்பதுதான் என் தப்பு. உப்புக்காற்றில் உள்ளே துரு ஏறி, மணல் சேர்ந்து, சும்மா இருக்கும்போது திறந்த பூட்டு பாரம் விழுந்ததும் இறுகிவிட்டது. அன்றிலிருந்து கயிற்றில் ஆளைத் தொங்கவிட்டு இழுக்கச் சொல்லித்தான் சோதிப்பேன். அன்று அவர் அமைதி இழந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து இன்றைக்கும் சில இரவுகள் விழித்துக் கிடப்பதுண்டு.

பூட்டு நன்றாக இருந்தும் பயன்படாத நிலை ஒன்று உண்டு. கயிறோ பேனரோ வாலில் சுற்றிக்கொள்வது. பூட்டு திறந்தாலும் சுற்றிக்கொண்டது போகாது, மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு அசையாது. 2010 மே 6, பிரிட்டனில் தேர்தல் நாள் காலை. அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் தன் கட்சிப் பேனரை இழுக்கும் வில்கா என்ற சிறு விமானத்தில் போனார். பேனர் வாலில் சுற்றிக்கொண்டு, விமானம் மூக்குக் குத்தி நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு விமானத் திடலில் விழுந்தது. அவரும் விமானியும் காயங்களோடு பிழைத்தார்கள். உடைந்த விமானத்தின் படங்களைப் பார்த்தால் எப்படிப் பிழைத்தார்கள் என்று தோன்றும்.

இன்ஜினால் வரும் விபத்துகளும் உண்டு, அவை என் பக்கத்து வேலை. பேனர் விமானம் மெதுவாகப் பறக்கும், இன்ஜினோ கடுமையாக உழைக்கும். காற்றால் குளிரும் இன்ஜினுக்கு இது பெரிய சோதனை. வேகம் இல்லையென்றால் குளிர்விக்கும் காற்றும் இல்லை. சிலிண்டரில் விரிசல் கண்டுபிடிப்பது எங்கள் திடலில் சாதாரண விஷயம். பெட்ரோலும் கணக்கை மீறிப் போகும். ஈரமான கடற்காற்றில், வெளியே 30 டிகிரி வெயில் இருக்கும்போதே, த்ராட்டிலைக் குறைத்தால் கார்புரேட்டருக்குள் பனி பிடித்து இன்ஜின் திணறும். இதை நம் ஊர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. அமெரிக்காவில் விதிப்படி நெரிசலான இடத்துக்குமேல் 1000 அடி, மற்ற இடங்களில் 500 அடி குறைந்தபட்ச உயரம். 500 அடியில் இன்ஜின் நின்றால் தரை வர ஒரு நிமிடம்கூட இருக்காது. பேனரை உடனே விட்டால்தான் அந்த நேரமாவது கிடைக்கும். 2021 ஜூலையில் நியூ ஜெர்சியின் ஓஷன் சிட்டி அருகே 18 வயதுப் பையன் ஒருவன், இன்ஜின் மக்கர் செய்ததும் பேனரைக் கடலில் விட்டுவிட்டு, கார்கள் போய்க்கொண்டிருந்த பாலத்தில் இடைவெளி பார்த்து விமானத்தை இறக்கினான். யாருக்கும் காயம் இல்லை. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. 2023 மே மாதம் புளோரிடாவின் ஹாலிவுட் நகரத்தில் பேனர் இழுக்கும் விமானம் ஒன்று தெருவில் விழுந்து விமானி இறந்துபோனார். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இவ்வளவு தெரிந்தும் இளைஞர்கள் ஏன் போகிறார்கள் என்றால், பறந்த மணி நேரக் கணக்குக்காகத்தான். இந்தியாவில் 200 மணி நேரம் பறந்து வணிக உரிமம் வாங்கியவர் நேராக ஏர்லைனில் துணை விமானியாகச் சேர முடியும். அங்கே 2013-இல் வந்த விதிப்படி, ஏர்லைனுக்குப் போக வழக்கமாக 1500 மணி நேரம் வேண்டும். 250-இல் உரிமம் வாங்கியவன் மீதியை எங்கே சேர்ப்பான்? பயிற்சி ஆசிரியர் வேலை, மருந்து தெளிப்பு, இல்லையென்றால் பேனர். கையால் ஓட்டும் திறமை இதில் நன்றாகப் படியும் என்பதும் உண்மை. நான் பார்த்த நல்ல விமானிகளில் சிலர் இந்த வழியாக வந்தவர்கள்தான்.

ஆகவே போகாதே என்று நான் சொல்லமாட்டேன். எந்த நிறுவனத்துக்குப் போகிறான் என்று பாருங்கள் என்பேன். அவனிடம் முதலில் கேட்க வேண்டியது, பேனரை அவசரத்தில் விட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று. பிடிப்போம் என்றாலோ, சிரித்து மழுப்பினாலோ, அந்த இடம் வேண்டாம். லீவரை இழுப்பதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்க வைக்கும் எதுவும் அந்த வேலையில் இருக்கக் கூடாது. "சந்தேகம் வந்தால் விட்டுவிடு, ஏன் விட்டாய் என்று கேட்கமாட்டோம்" என்று முதல் நாளே சொல்லும் முதலாளிகளும் இருக்கிறார்கள், அவர்களிடம் சேரட்டும். தனியாக அனுப்புவதற்கு முன் எத்தனை முறை பேனர் எடுத்துப் பழக விடுவார்கள், கற்றுக்கொடுப்பவர் எத்தனை சீசன் இழுத்தவர் என்றும் கேட்கட்டும். பேனர் இழுக்க எஃப்ஏஏ எனும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தனி அனுமதி கொடுத்திருக்க வேண்டும், அந்தத் தாளைக் காட்டச் சொன்னால் நல்ல நிறுவனம் கோபப்படாது. ரிலீசைப் பாரம் வைத்துச் சோதிக்கிறார்களா என்பதை அவன் மற்றவர் வாயால் கேட்காமல் தன் கண்ணால் பார்க்கட்டும். தினமும் காலையில் கயிற்றைத் தன் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் ஏற வேண்டும். எந்த விமானம் என்பதும் முக்கியம். பைப்பர் பானீ என்றால் ஓரளவு நிம்மதி. அது பயிருக்கு மருந்து தெளிக்க ஃபிரெட் வைக் வடிவமைத்தது, விழுந்தாலும் விமானி பிழைக்க வேண்டும் என்று யோசித்தே இருக்கையை அமைத்தார். பழைய பைப்பர் கப் வகைச் சிறு விமானம் என்றால் இடுப்பு வார் மட்டும்தானா, தோள் வாரும் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். தோள் வார் இல்லாத விமானத்தில் அவன் ஏறக் கூடாது.

ஊருக்கு வந்து குலசை தசராவுக்கு இப்படிப் பேனர் இழுக்கலாம் என்று அவன் ஆசைப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஆசை புரிகிறது. ஆனால் அத்தனை லட்சம் ஜனம் நிற்கும் இடத்துக்குமேல், இன்ஜின் நின்றால் இறங்க இடமில்லாத உயரத்தில் பறப்பதை நான் எந்தக் காலத்திலும் ஒப்பமாட்டேன். கடலோரமாகப் போகலாம் என்றால் ஒரு பக்கம் கூடங்குளம், இன்னொரு பக்கம் குலசையிலேயே ராக்கெட் ஏவுதளம் வருகிறது. உள்ளே வந்தால் விஜயநாராயணத்தில் கடற்படையின் கோபுரங்கள். அவை 400 மீட்டருக்கு மேல் உயரமானவை, பேனர் விமானம் பறக்கும் உயரத்தைத் தாண்டி நிற்பவை. பணகுடி, ராதாபுரம் பக்கம் முழுக்கக் காற்றாலை. ஆடிக்காற்றில் அம்மியும் நகரும் ஊரில் அந்தக் காற்றாலைகளை எதற்காக நட்டார்கள் என்று யோசித்தாலே போதும்.

அக்காவுக்கு அந்தக் காணொளியைக் காட்டியிருந்தால், இதையும் வாசித்துக் காட்டுங்கள். பையனிடம் பேசிவிட்டு, அவன் என்ன பதில் சொன்னான் என்று இங்கேயே எழுதுங்கள். அவன் ஓட்டப்போகும் விமானத்தின் வாலடிப் பூட்டைக் கிட்டத்தில் நின்று நாலைந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கயிறு மாட்டும் இடமும் தெரிய வேண்டும். படத்தை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாது. துருவும் தேய்மானமும் தெரிந்தால் சொல்கிறேன், அதை அவன் அங்கே இருக்கும் மெக்கானிக்கிடம் காட்டி, பாரம் தொங்கவிட்டுச் சோதிக்கச் சொல்லட்டும்.